வீல் அலைன்மென்ட்: கிலோமீட்டர் மட்டும் சொன்னால் போதுமா?

"சார், அஞ்சாயிரம் ஓடிருச்சு. அலைன்மென்ட், பேலன்சிங் ரெண்டும் போட்டுரலாமா?"

கார் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். கேட்பவர் சர்வீஸ் அட்வைசர். வண்டி இன்னும் லிஃப்டில் ஏறவில்லை. டயரை யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மீட்டரில் தெரிந்த கிலோமீட்டர் எண் மட்டும் ஜாப் கார்டில் ஏறியிருக்கிறது. அவ்வளவுதான், வைத்தியம் முடிவாகிவிட்டது! நாடி பிடிக்காமல், நாக்கை நீட்டச் சொல்லாமல், "போன ஊசி போட்டு ஆறு மாசம் ஆச்சே, இன்னொண்ணு போட்டுரலாமா?" என்று ஒரு டாக்டர் கேட்டால் நோயாளி எழுந்து ஓடிவிடுவார். அதே ஆள் கார் சர்வீஸுக்குப் போனால் மட்டும் "சரிங்க, போட்டுருங்க" என்று தலையாட்டிவிட்டு வருகிறார்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "அலைன்மென்டா? எல்லாம் காசு பிடுங்குற வேலை. வண்டி நேராத்தானே போகுது?" என்று வருடக்கணக்கில் அந்தப் பக்கமே போகாத கூட்டம். முதல் கூட்டம் கிலோமீட்டரை நம்புகிறது, இரண்டாவது கூட்டம் கை உணர்வை நம்புகிறது. இரண்டு பேருமே அளந்து பார்ப்பதில்லை. வம்பே அங்கேதான்.

அலைன்மென்ட் என்றால் என்ன?

சக்கரங்கள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதுதான் அலைன்மென்ட். முக்கியமான கோணங்கள் மூன்று.

டோ: வண்டியை மேலிருந்து பார்த்தால் இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கின்றனவா என்பது. நடக்கும்போது பாதங்களை உள்ளே திருப்பி வைப்பவரையும் வெளியே திருப்பி வைப்பவரையும் நினைத்துக்கொண்டால் போதும்.

கேம்பர்: வண்டியை முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் தலை உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருக்கிறதா என்பது.

காஸ்டர்: பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் திரும்பும் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போல. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புகிறதே, அதில் பெரும் பங்கு இதற்கு உண்டு.

இப்போது சர்வீஸ் சென்டரில் யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு விஷயம். இந்தியாவில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம் அச்சு. இந்த அமைப்புள்ள வண்டிகள் பலவற்றில் கம்பெனி வைத்துக் கொடுத்த வழியில் திருத்தக்கூடியது முன் சக்கரங்களின் டோ ஒன்றுதான். டை ராடைத் திருகி அதைச் சரிசெய்யலாம். கேம்பரும் காஸ்டரும் திருகித் திருத்துவதற்கு இல்லை. அவை தவறியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாகத்தைத்தான் மாற்ற வேண்டும். சில மாடல்களில் கேம்பரைத் திருத்த போல்ட் வசதி உண்டு. எந்த மாடலில் உண்டு என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

மூன்று கோணங்களையும் நான்கு சக்கரங்களிலும் அளப்பது நல்ல விஷயம்தான். ஆனால் "நாலு வீலும் அலைன்மென்ட் பண்ணியாச்சு" என்று பில் வந்தால், பின் சக்கரத்தில் எதைத் திருகினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் பதில் வராது!

தவறினால் நஷ்டம் நிஜம்

அலைன்மென்டே வேண்டாம் என்பவர்களுக்கு இந்தக் கணக்கு. டயரின் விட்டம் 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டோ மொத்தமாக 3 மில்லிமீட்டர் தவறியிருக்கிறது. ஒரு சக்கரத்துக்கு 1.5 மில்லிமீட்டர். 1.5-ஐ 600-ஆல் வகுத்தால் 0.0025. அதாவது வண்டி ஒரு கிலோமீட்டர் முன்னால் போகும்போது ஒவ்வொரு முன் டயரும் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 25 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து சென்னை சென்ட்ரல் வரைக்கும் டயரைக் குறுக்கே தேய்த்துக்கொண்டே போவது மாதிரி! ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் அத்தனையும் தேய்மானமாக மாறாது. இருந்தாலும் 3 மில்லிமீட்டர் என்பது ஒரு பென்சிலின் பாதிக் கனம்கூட இல்லை. அவ்வளவு சின்னத் தவறுக்கு இவ்வளவு பெரிய தண்டனை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. டோ வெளிநோக்கித் தவறியிருந்தால் டயரின் உள் ஓரம்தான் முதலில் போகும். வெளியே நின்று பார்ப்பவருக்குப் பட்டன் புதுசு மாதிரியே தெரியும். உள்ளே கம்பி தெரிய ஆரம்பித்திருக்கும். அந்த டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் 100-ல் போகிறவர் எந்த நம்பிக்கையில் போகிறார்? "வண்டி நேராத்தானே போகுது" என்ற நம்பிக்கையில்.

நேராகப் போகிற வண்டியும் தவறியிருக்கலாம்

முன் சக்கரங்களில் டோ தவறினால் வண்டி பெரும்பாலும் ஒரு பக்கமாக இழுக்காது. இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் தள்ளுவதால் தவறு இரண்டுக்கும் பாதிப் பாதியாகப் பங்கு போய்விடும். வண்டி நேராகவே ஓடும். டயர் மட்டும் தேய்ந்துகொண்டே இருக்கும். ஸ்டியரிங் நடுவில் நிற்காமல் சற்றுக் கோணலாக நிற்பது, நெடுஞ்சாலையில் வண்டி லேசாக அலைவது ஆகியவைதான் அதன் அறிகுறிகள்.

வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் என்ன காரணம்? பெரும்பாலும் இவைதான்:

1. டயர் காற்று. இடது வலது காற்றழுத்தம் வித்தியாசமாக இருந்தால், குறைவாக உள்ள பக்கம் வண்டி இழுக்கும். பெட்ரோல் பங்கில் ஐந்து நிமிட வேலை.

2. சாலையின் சரிவு. மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்திப் போடுகிறார்கள். இடதுபக்கம் ஓட்டும் இந்தியாவில் வண்டி லேசாக இடதுபக்கம் நகர்வது இயல்பு. அது வண்டியின் வியாதி அல்ல.

3. டயரே காரணமாக இருக்கலாம். முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். முன்பு இடதுபக்கம் இழுத்த வண்டி இப்போது வலதுபக்கம் இழுத்தால் குற்றவாளி டயர்தான். (ஒரே திசையில் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களை இப்படிச் சும்மா மாற்றிப் போடக்கூடாது.)

4. பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது. கொஞ்ச தூரம் ஓட்டியபின் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கொதித்தால் அலைன்மென்ட் கடைக்குப் போகவேண்டாம். பிரேக் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

5. கேம்பர் அல்லது காஸ்டர் இடது வலது வித்தியாசப்படுவது. இது உண்மையிலேயே அலைன்மென்ட் விஷயம். ஆனால் மேலே சொன்னபடி, பல கார்களில் இதைத் திருகித் திருத்த முடியாது.

எவ்வளவு விநோதம் பாருங்கள்! "வண்டி இழுக்குது" என்று கடைக்குப் போகிறவருக்கு டோவைச் சரிசெய்து அனுப்புகிறார்கள். இழுப்பு அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அது டோவின் வேலையே இல்லை. "வண்டி நேராப் போகுது" என்று கடைப்பக்கமே போகாதவருக்கு டோ தவறி டயர் போகிறது. காசு கொடுத்தவருக்குத் தேவை வேறு. தேவை இருந்தவரோ காசே கொடுக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. 80, 100 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் உடனே "அலைன்மென்ட் போச்சு" என்பார்கள். அது பெரும்பாலும் பேலன்சிங் கோளாறு. சக்கரத்தின் எடை ஒரே சீராக இல்லாததால் வருவது. ரிம்மில் சின்னச் சின்ன ஈயத்துண்டு மாதிரி எடைகளை ஒட்டிச் சரிசெய்வார்கள். அலைன்மென்ட் வேறு, பேலன்சிங் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, இட்லி சாம்பார் மாதிரி பிரிக்க முடியாத ஜோடி ஆக்கிவிட்டார்கள்.

டயர் ஒரு கணக்குப் புத்தகம்

டயரின் மேல் எல்லாமே எழுதியிருக்கிறது, படிக்கத் தெரிய வேண்டும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவு. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் அல்லது டோ. பள்ளம் மேடாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், பேலன்சிங்கும் காரணமாக இருக்கலாம். உள்ளங்கையை டயரின் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பம் மாதிரியும் இருந்தால் டோ தவறியிருக்கிறது. (கம்பி வெளியே வந்த டயரில் இதைச் செய்யாதீர்கள், கை கிழியும்.) உள் ஓரத்தைப் பார்க்க ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டுக் குனிந்து பார்க்க வேண்டும்.

இன்னும் ஒருபடி மேலே போகலாம். டயர் கடைகளில் கிடைக்கும் சின்ன டெப்த் கேஜ் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை ஒவ்வொரு டயரிலும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் பட்டன் ஆழத்தை அளந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நான்கு டயர், பன்னிரண்டு எண்கள். டயருக்குள்ளேயே 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் தேய்மானக் குறி இருக்கும், பட்டன் அந்த அளவுக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்கு வெகுநாள் முன்பே, உள் ஓரத்துக்கும் வெளி ஓரத்துக்கும் வித்தியாசம் மாதாமாதம் கூடிக்கொண்டே போவது நோட்டில் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் முன் சக்கரத்தின் சாட்சி பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எந்தச் சக்கரம் தவறியது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

வீட்டிலேயே தோராயமாக டோ பார்க்கவும் வழி இருக்கிறது. சமதளத்தில் ஸ்டியரிங்கை நேராக வைத்து நிறுத்துங்கள். இரண்டு முன் டயர்களின் முன்பக்கம், தரையிலிருந்து ஒரே உயரத்தில், பட்டன் இடுக்கில் சாக்பீஸால் குறி வையுங்கள். குறிக்குக் குறி தூரத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். குறிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை மெதுவாக முன்னால் தள்ளி, மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் டோ. கம்ப்யூட்டர் துல்லியம் இதில் வராது. ஆனால் ஐந்தாறு மில்லிமீட்டர் தவறியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் இப்படி நடக்கிறது?

மெக்கானிக்குகள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது உண்மையும் அல்ல. இதில் ஒரு பொருளாதாரக் காரணம் இருக்கிறது.

1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். தலைப்பைத் தமிழில் சொன்னால், 'தடையற்ற போட்டியும் மோசடியின் உகந்த அளவும்'. சில சரக்குகளின் தரம் வாங்கும் முன்பே தெரியும். சிலவற்றின் தரம் பயன்படுத்திய பின் தெரியும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு, வாங்கிப் பயன்படுத்திய பிறகும் அது தேவைதானா என்று தெரியவே தெரியாது. ரிப்பேர் வேலைகள் இந்த வகை. எது தேவை என்று சொல்பவரும் அவரே, அதை விற்பவரும் அவரே.

அலைன்மென்ட் இதற்கு அச்சு அசலான உதாரணம். டோ சரியாகவே இருந்த வண்டியை மெஷினில் ஏற்றி, ஒன்றுமே செய்யாமல் இறக்கிக் கொடுத்தாலும் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. "இப்ப வண்டி ஜம்முனு போகுது" என்று அவரே சொல்லிவிட்டுப் போவார்!

இதோடு டார்கெட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய பாடமே நடந்திருக்கிறது. சியர்ஸ் என்ற பிரம்மாண்டமான சங்கிலிக் கடை அங்கே கார் சர்வீஸ் மையங்களையும் நடத்தியது. 1990-களின் தொடக்கத்தில் அந்த மையங்களின் சர்வீஸ் அட்வைசர்களுக்கு, ஒரு ஷிஃப்டில் இத்தனை ஸ்பிரிங், இத்தனை ஷாக் அப்சார்பர், இத்தனை பிரேக் வேலை, இத்தனை அலைன்மென்ட் விற்க வேண்டும் என்று கோட்டாவும், விற்பனைக்குக் கமிஷனும் வைத்தார்கள். தேவையில்லாத வேலைகளைத் தலையில் கட்டுகிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. 1992-ல் கலிபோர்னியா அரசின் நுகர்வோர் துறை நடவடிக்கையில் இறங்கியது. ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று நிர்வாகம் சொன்னாலும், தலைமை நிர்வாகி எட்வர்ட் பிரென்னன் அப்படியொரு சூழலை உருவாக்கிய பொறுப்பு நிர்வாகத்துடையது என்று ஒப்புக்கொண்டு அட்வைசர்களின் கமிஷன் முறையை நிறுத்தினார். வாடிக்கையாளர்களுக்குக் கூப்பன்கள் உட்பட அந்தச் சமரசத்தின் மொத்தச் செலவு சுமார் 6 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது.

அங்கே வேலை செய்தவர்கள் திடீரென்று கெட்டவர்கள் ஆகிவிடவில்லை. கோட்டா வந்தது, அதன் பின்னால் மற்றதும் வந்தது. இங்கேயும் அதே கதைதான். லட்சக்கணக்கில் கடன் வாங்கி கம்ப்யூட்டர் அலைன்மென்ட் மெஷின் இறக்கிய கடைக்கு மாதத் தவணை இருக்கிறது. மெஷின் சும்மா நின்றாலும் தவணை நிற்காது. எனவே வண்டியைவிட மெஷினுக்குத்தான் வேலை தேவைப்படுகிறது. 5000 கிலோமீட்டர் என்ற எண் அதற்கு வசதியாக இருக்கிறது.

சரி, எதிர்வாதம்

"நம்ம ஊர் ரோட்டுக்கு அஞ்சாயிரம் கூட அதிகம் சார்" என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. மழைத்தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருக்கும் பள்ளம், பெயிண்ட் அடிக்காத வேகத்தடை, நடைமேடை விளிம்பில் ஏற்றி இறக்கும் பார்க்கிங் எல்லாம் அலைன்மென்டைக் கெடுக்கும். ஆனால் கெடுப்பது அந்த இடிதான், கிலோமீட்டர் அல்ல. டை ராடை லாக் நட் இறுக்கிப் பிடித்திருக்கிறது. வண்டி ஓடுவதால் மட்டும் அது தானாகக் கழன்றுகொண்டு வராது. 300 கிலோமீட்டரிலேயே ஒரு பள்ளத்தில் பலமாக விழுந்த வண்டிக்கு உடனே அளவு பார்க்க வேண்டும், 5000 வரும்வரை காத்திருக்கக் கூடாது. 8000 கிலோமீட்டர் நல்ல சாலையில் ஓடி, டயர் சீராகத் தேய்ந்த வண்டியை நிம்மதியாக விட்டுவிடலாம்.

"டயர்ல தெரியும்போது டயரே போயிருக்குமே?" இதுதான் அவர்களின் வலுவான வாதம். உண்மைதான், கண்ணால் மட்டும் பார்த்தால் தாமதமாகத்தான் தெரியும். அதற்காகத்தான் அந்தப் பன்னிரண்டு எண்கள். அதோடு வருடம் ஒருமுறையோ பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறையோ மெஷினில் ஏற்றி அளந்து பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் அளப்பது வேறு, திருத்துவது வேறு. ரத்தப் பரிசோதனை வேறு, ஆபரேஷன் வேறு.

"ஏத்தி சென்சார் மாட்டுறதுலதான் சார் பாதி வேலை, அளந்தாலும் திருத்தினாலும் ஒரே ரேட்டுதான்" என்றால் அதுவும் சரி. அளப்பதற்கே கூலி வாங்கிக்கொள்ளட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பில்லில் 'செக்கிங்' என்று எழுதி, அளவைக் கையில் கொடுக்கட்டும். "எல்லாம் கரெக்டா இருக்கு சார், ஒண்ணும் திருக வேண்டியதில்லை" என்று ஒரு கடை சொன்னால், அந்தக் கடைக்கு அந்த வாடிக்கையாளர் ஆயுசுக்கும் வருவார். இந்தச் சின்ன வியாபார சூட்சுமம்கூடப் பலருக்குப் புரியவில்லை!

வவுச்சர் இல்லாமல் என்ட்ரி இல்லை

பி.காம். முதல் வருடத்தில் சொல்லித்தரும் முதல் பாடம், வவுச்சர் இல்லாமல் கணக்கில் என்ட்ரி போடாதே என்பது. அலைன்மென்டுக்கு வவுச்சர் என்பது திருத்துவதற்கு முன் எடுத்த அளவின் பிரிண்ட்அவுட். கம்ப்யூட்டர் மெஷின்களில் 'முன்', 'பின்' என்று இரண்டு அளவும் பதிவாகும். பல கடைகள் 'பின்' அளவை மட்டும் பச்சை நிறத்தில் பளபளப்பாகக் காட்டுகின்றன. பின் அளவு பச்சையாக இருப்பதில் என்ன ஆச்சரியம்? முன்பு சிவப்பாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

பிரிண்ட்அவுட்டில் பார்க்க வேண்டியவை:

ஒன்று, வண்டியின் மாடல் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா? வேறு மாடலின் அளவை வைத்துத் திருத்தினால் பச்சையும் பொய்ப் பச்சைதான்.

இரண்டு, திருத்துவதற்கு முன் டோ எவ்வளவு, அனுமதிக்கப்பட்ட எல்லை எவ்வளவு? எல்லைக்குள் இருந்தால் தொட வேண்டியதில்லை.

மூன்று, கேம்பர், காஸ்டரில் இடது வலது வித்தியாசம் இருக்கிறதா? இருந்தால் எந்தப் பாகம் கெட்டது என்று கேட்க வேண்டும். சில இடங்களில் 'கேம்பர் செட்டிங்' என்று தனிக் காசு வாங்கிக்கொண்டு, ஹைட்ராலிக் ஜாக்கியை வைத்து சஸ்பென்ஷன் பாகத்தை நெம்பி வளைத்து அளவைப் பச்சைக்குக் கொண்டுவருகிறார்கள். வளைந்த பாகத்தை இன்னொரு முறை வளைப்பதற்குப் பெயர் ரிப்பேரா? ஸ்கிரீனில் எண் சரியாகிவிடும். வளைந்த இரும்பு மனிதர்களைச் சுமந்துகொண்டு ஓடும்.

நான்கு, பின் சக்கரங்கள் காட்டும் திசை. பின் அச்சு கோணியிருந்தால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்து ஓடும். முன்னால் எவ்வளவு திருகினாலும் அது தீராது.

மெஷினில் ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியதும் உண்டு. டயர் காற்று சரிபார்க்க வேண்டும். டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கி அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் மூட்டை வைத்துக்கொண்டு கோணம் பிடிப்பது ஓடும் ஆற்றில் கோடு போடுகிற வேலை. கடையை விட்டு வெளியே வரும்போது சரியாக இருந்த அளவு அடுத்த வேகத்தடையிலேயே மாறிவிடும். சடங்காகச் செய்யும் அலைன்மென்டின் பெரிய ஆபத்தே இதுதான். ஒவ்வொரு முறையும் டோவை மட்டும் இழுத்துப் பச்சையாக்கிவிட்டு, ஏன் அடிக்கடி தவறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. தேய்ந்த பால் ஜாயின்ட் உள்ளே அப்படியே இருக்கிறது.

யாருக்கு நஷ்டம்?

வாரம் ஒருமுறை மாமியார் வீட்டுக்குப் போய்வரும் கார்க்காரருக்கு வருடத்தில் ஒன்றோ இரண்டோ அலைன்மென்ட். அவருக்கு இது பெரிய விஷயம் இல்லை. கால் டாக்ஸி ஓட்டுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓட்டினால் 25 நாளில் 5000 வந்துவிடும். வருடத்துக்கு 300 நாள் ஓட்டினால் 60,000 கிலோமீட்டர், பன்னிரண்டு முறை. ஒரு முறைக்கு 600 ரூபாய் என்று வைத்தால் 7200 ரூபாய். அந்தக் காசில் டயர் வாங்கலாம், பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கலாம். ஒவ்வொரு முறையும் வண்டி அரை நாள் நின்றால் அந்த வருமானமும் போச்சு.

அதனால் அவர் என்ன செய்கிறார்? இரண்டு மூன்று முறை ஏமாந்தபின் "எல்லாம் பித்தலாட்டம்" என்று முடிவுகட்டி அலைன்மென்ட் பக்கமே போவதை விட்டுவிடுகிறார். அப்புறம் ஒருநாள் உண்மையிலேயே டோ தவறும்போது உள் ஓரம் மொட்டையாகி, இரவு நேரத்தில் சவாரியோடு பைபாஸில் டயர் வெடிக்கிறது. தேவையில்லாத பில் போட்டவர்கள் 600 ரூபாயை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையான எச்சரிக்கை வரும்போது அதை நம்புகிற மனசையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள். புலி வருது கதைதான்!

என்ன செய்யலாம்?

தேவையா இல்லையா என்று முடிவெடுக்க நான்கே கேள்விகள். பள்ளத்திலோ விளிம்பிலோ பலமாக அடிபட்டதா? ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகம் ஏதாவது மாற்றப்பட்டதா? நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கிறதா? டயரின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி தேயவில்லையா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அளந்து பாருங்கள். நான்கும் 'இல்லை' என்றால், வருடாந்திரச் சோதனை வரும்வரை டயர் காற்றை மட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்று, டயர், பிரேக். அதற்குப் பிறகுதான் மெஷின்.

கடையில் கேட்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "முதல்ல அளவு எடுங்க, பிரிண்ட் கொடுங்க, அப்புறம் திருத்துறதைப் பத்திப் பேசலாம்." மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். டயர் கடைக்கா தமிழ்நாட்டில் பஞ்சம்?

சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. பில் கொடுக்காததை முறையற்ற வணிகம் என்கிறது. வாடிக்கையாளர் தன் ஊரிலுள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அறுநூறு ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்கு அலைவார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனால் பிரிண்ட்அவுட் கேட்பதற்குக் கோர்ட் வேண்டாம், வாய் திறந்தால் போதும். தினம் பத்து பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே எடுத்து நீட்டுவார்.